கல்லிற் பிழைக்கும் காடு

வளங்குன்றிய நிலத்தில் வாழ்வுங் குன்றும் என்பது உழவர் கண்ட பொதுவிதி. ஆனால், அமெரிக்காவின் கிழக்கே நீண்டுகிடக்கும் அப்பலாச்சியன் மலைத்தொடரில் அவ்விதிக்கு அடங்காத காடொன்று உண்டு. மணற்கல்லும் படிகப்பாரும் சிதைந்துண்டான மண் அதற்கு ஆதாரம். அம்மண் ஆழமற்றது, அமிலத்தன்மை மிக்கது, பெய்த மழையை விரைவில் இழந்துவிடுவது.

அம்முகடுகளில் தலைமை பூண்டு நிற்பது செஸ்நட் ஓக் என்னும் மரமாகும். ஆழப் பிளவுண்ட தடித்த பட்டை அதன் கவசம். இலையுதிர்காலத்தில் விழும் அதன் விதை, வசந்தத்துக்குக் காத்திராது அப்போதே பாறையிடுக்கில் வேர்விடும். அதன் நிழலில் மலை லோரலும் புளூபெரியும் புதராய் நெருங்கி வளரும். ஹோட்டன் சமவெளியிற் செந்நிறமாய்ப் பூக்கும் றொடொடென்ரன் இவற்றின் குடும்பத்ததே. இவற்றின் வேரோடு இணைந்து வாழும் பங்கசுகள், அமில உக்கலிற் சிக்குண்ட நைதரசனைப் பெற்றுக் கொடுக்கின்றன. பிற தாவரங்களை விலக்கும் வறுமையே இவற்றுக்கு வேலியாகின்றது.

இந்த ஓக்கின் இலை செஸ்நட்டின் இலையை ஒத்தது. பெயர் வந்தது அதனாலேதான். அந்தச் செஸ்நட் ஒருகாலத்தில் அதே சரிவுகளில் ஓக்கோடு சேர்ந்து ஆட்சி செலுத்தியது. ஆசியாவிலிருந்து வந்த பங்கசு நோயொன்று 1904 இல் நியூயோர்க்கிற் கண்டறியப்பட்டது. அரைநூற்றாண்டுக்குள் கோடிக்கணக்கான செஸ்நட் மரங்கள் பட்டுப்போயின. எனினும் பல வேர்கள் மடியவில்லை. இன்றும் சரிவேறிச் செல்பவன் பழைய அடிக்கட்டைகளிலிருந்து எழுந்த துளிர்களைக் காணலாம். அவை சில ஆண்டுகள் வளரும், பெரும்பாலும் பூக்குமுன்னரே நோயுற்று மாயும், மீண்டுந் துளிர்க்கும்.

மறைந்ததன் இடத்தைப் பெற்ற ஓக்கின் எதிர்காலமும் இன்று ஐயத்துக்குரியதாகிவிட்டது. முன்னாளில் இடையிடையே பரவிய தீயைத் தடித்த பட்டையுடைய ஓக் தாங்கிநின்றது. மெல்லிய பட்டையுடைய செம்மேப்பிள் கருகியது. இருபதாம் நூற்றாண்டில் காட்டைக் காக்கும் நோக்கோடு தீ தடுக்கப்பட்டது. அதன் பயனாக மேப்பிள் பெருகியது. அது பரப்பிய நிழலில் ஓக்கின் இளங்கன்றுகள் நலிந்தன. மிக வறண்ட முகடுகளில் மாத்திரம் ஓக் இன்னும் உறுதியாக நிற்கின்றது. இதனை உணர்ந்த வனவியலாளர் இப்போது சில சரிவுகளில் தாமே அளவறிந்து தீயிடுகின்றனர்.

நோயைக் கொணர்ந்தவன் கேடு நினைத்தானல்லன். தீயைத் தடுத்தவன் நன்மையே நினைத்தான். இருவரும் அறியாதது ஒன்றே: அக்காடு எதனால் வாழ்ந்தது என்பது. அதனை அறியுமுன் செய்யப்படுங் காவலும் அழிவாகக்கூடும் என்பதற்கு அச்சரிவுகள் சான்று.