சர்வீஸ் முடிந்து வந்த பைக்கில் புதுசா ஒரு ‘டொக்’... அம்மாவுக்கு மட்டும் கேட்டது!

பைக் இருக்கும் வீடுகளில் ஒருமுறையாவது இது நடந்திருக்கும். சர்வீஸுக்கு விடும்போது இல்லாத ஒரு சத்தம், வண்டி திரும்பி வந்ததும் கேட்கும். போன் பண்ணினால், ‘ஓட்ட ஓட்ட செட்டாகிடும்’ என்பார்கள். பல நேரம் செட்டாகவும் செய்யும். எங்கள் வீட்டில் வந்தது அந்த ரகமில்லை.

அப்பாவின் பைக் 2012 மாடல், 100 சிசி. முன்னும் பின்னும் டிரம் பிரேக். சனிக்கிழமை தவறாமல் அப்பாவும் அம்மாவும் கூடுவாஞ்சேரியிலிருந்து ஜி.எஸ்.டி ரோட்டில் சிங்கப்பெருமாள்கோவிலுக்கு அதில்தான் போவார்கள். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே இருவரும் போவதை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். ‘பஸ்ல போங்கப்பா’ என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன்.

சர்வீஸ் முடிந்த அந்த வாரம், கோயிலிலிருந்து வந்து இறங்கியதுமே அம்மா சொன்னார். “பின்னாடி யாரோ தட்டுற மாதிரி இருக்குடி.”

“ஒரு சத்தமும் இல்ல. இவளுக்கு எப்பவும் ஏதாவது...” இது அப்பா.

அப்பாவுக்கு இரண்டு வருஷமாகக் காது கொஞ்சம் மந்தம். அவர் பார்க்கும் நியூஸ் தெருவுக்கே கேட்கும். ஆனால் ஒப்புக்கொள்ள மாட்டார். போதாததற்கு ஹெல்மெட் வேறு. அம்மாவின் பாதமோ பின்சக்கரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. காதுக்கு முன்னால் காலுக்குத்தான் அது தெரிந்திருக்கிறது.

சர்வீஸ் சென்டருக்கு போன் போட்டேன். “வாட்டர் வாஷ் பண்ணியிருக்கோம் மேடம், ஈரம் காய்ஞ்சா போயிடும்” என்றார் ஒருவர். டிரம்மில் ஈரம் இருந்தால் சத்தம் வரும், வாஸ்தவம்தான். ஆனால் அது ‘கிரீச்’ என்று இழுக்கும். நாலு தடவை பிரேக் பிடித்தால் போய்விடும். அம்மா சொன்னது ‘டொக்’. அதுவும் வண்டி வந்து நாலு நாளாகிவிட்டது. இதைச் சொன்னதும், “அப்பாவைப் பேசச் சொல்லுங்க மேடம்” என்றார். அப்பா போனை வாங்கி, “சத்தமெல்லாம் ஒண்ணும் இல்ல சார்” என்று வைத்துவிட்டார். அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

நான் ஓட்டுவது ஸ்கூட்டர். பைக் பற்றி அதிகம் தெரியாது. ஆனாலும், சத்தம் எப்போது வருகிறது, எப்போது வரவில்லை என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாமே? செய்திக்கு நாலு பேரிடம் விசாரிக்கிற மாதிரிதான். நின்ற இடத்தில் ஆக்ஸிலரேட்டரை முறுக்கினேன், ‘டொக்’ இல்லை. அப்போ இன்ஜின் இல்லை. நியூட்ரலில் தள்ளினேன், இல்லை. சக்கரம் சுற்றுவதாலும் இல்லை. தள்ளிக்கொண்டே முன் பிரேக்கைப் பிடித்தேன், இல்லை. பின் பிரேக்கை மிதித்தேன். ‘டொக்’! திரும்ப முன்னே தள்ளி மிதித்தால் ஒன்றுமில்லை. பின்னே தள்ளி மிதித்தால் மறுபடி ‘டொக்’. எதுவோ ஒன்று பிரேக் பிடிக்கும்போது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நகர்கிறது.

சர்வீஸ் பில்லை எடுத்துப் பார்த்தேன். ஆயில் மாற்றியது, ஏர் ஃபில்டர் சுத்தம் செய்தது, செயின் டைட் வைத்தது, வாட்டர் வாஷ். இதில் பின்சக்கரத்தைத் தொட்ட வேலை ஒன்றுதான். செயின் டைட் வைக்க பின்சக்கர நட்டைத் தளர்த்தி, சக்கரத்தைப் பின்னுக்கு இழுக்க வேண்டும்.

பில்லும் கையுமாக எங்கள் தெரு மெக்கானிக் அண்ணனிடம் போனேன். அவர் வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. சைடில் குத்தவைத்து உட்கார்ந்து, ஓர் இரும்புப் பட்டையைப் பிடித்து ஆட்டினார். பிரேக் பிளேட்டு சக்கரத்தோடு சேர்ந்து சுற்றிவிடாமல் பிடித்துக்கொள்வது அந்தப் பட்டைதான். செயினுக்காக அதன் நட்டையும் தளர்த்தியிருக்கிறார்கள், திரும்ப முறுக்கவில்லை. நட்டு கழன்றுவிடாமல் போடும் பின்னும் இல்லை. இன்னும் ரெண்டு மூன்று மரைதான் பாக்கி.

“இது விழுந்திருந்தா பிரேக் மிதிக்கும்போது பிளேட்டே சுத்தியிருக்கும்மா. வீல் அப்படியே லாக் ஆகிடும்” என்றார். ஜி.எஸ்.டி ரோட்டில், பின்சீட்டில் அம்மாவோடு. அதற்குமேல் என்னால் யோசிக்க முடியவில்லை.

ஐந்தே நிமிஷ வேலை. நட்டை முறுக்கிப் புது பின் போட்டதற்கு 20 ரூபாய் வாங்கிக்கொண்டார். கழற்றும் முன்பே போனில் வீடியோ எடுத்து வைத்திருந்தேன். அதைப் பார்த்த சர்வீஸ் சென்டர் மேனேஜர் ஸாரி சொல்லி, அடுத்தமுறை வாட்டர் வாஷ் இலவசம் என்று கூப்பன் கொடுத்தார். அம்மா அதை வாங்கி நாலாகக் கிழித்தார்.

இப்போதெல்லாம் கிளம்பும் முன், வண்டியை முன்னேயும் பின்னேயும் தள்ளி ஒரு மிதி மிதிக்கச் சொல்கிறார். அப்பாவும் முணுமுணுக்காமல் செய்கிறார். காது டாக்டரிடம் போகத்தான் இன்னும் மசியவில்லை. “அதான் சத்தம் போயிடுச்சே, இனிமே எதுக்கு?” என்கிறார்.