ஆயாவின் பத்திரம்

ஆய்வு நிதிக்கான விண்ணப்பத்தில் பதினோராவது கேள்விக்கு வந்து நின்றுவிட்டேன். ‘இந்த ஆய்வுப் பொருளில் உங்களுக்கோ உங்கள் குடும்பத்தாருக்கோ ஏதேனும் நலன் உண்டா?’ ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். பதினேழு பக்க விண்ணப்பத்தில் இதுதான் ரொம்பச் சுலபமான கேள்வி.

என் ஆய்வு 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தைப் பற்றியது. அதிலும் 23-வது பிரிவு. அறுபது வயது தாண்டியவர் ஒருவர், ‘என்னைக் கடைசிவரை பாத்துக்கணும்’ என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்து, வாங்கினவர் பார்த்துக்கொள்ளாவிட்டால், அந்தப் பத்திரத்தைத் தீர்ப்பாயம் செல்லாது என்று அறிவிக்கலாம். படிக்க நல்லாத்தான் இருக்கும். சிக்கல் ‘நிபந்தனையோடு’ என்ற ஒரு சொல்லில். எந்தக் கிழவி சார்பதிவாளர் ஆபீசில் உட்கார்ந்துகொண்டு, ‘எம்புள்ள எனக்குச் சோறு போடணும்னு எழுதுங்க’ என்று சொல்லப்போகிறாள்? சொன்னால் புள்ளைக்கு அவமானம். பத்திரம் எழுதுபவர் தன்னிடம் இருக்கிற மாதிரியைப் பார்த்து ‘அன்பின் காரணமாகவும் பிரியத்தின் காரணமாகவும்’ என்று அடித்துவிடுவார். வேலை முடிந்தது.

2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நிபந்தனை இருந்ததாக நிரூபிக்காமல் வெறுமனே எழுதிக் கொடுத்தேன் என்றால் போதாது என்றது. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேச வழக்கு ஒன்றில் அதே நீதிமன்றம், இது முதியவர்களுக்காக வந்த சட்டம், தாராளமாகத்தான் பொருள் கொள்ளணும் என்றது. அங்கே தாய்க்கு மகன் தனியாக ஓர் உறுதிமொழி எழுதித் தந்திருந்தான். இரண்டு மாதம் கழித்து சென்னை உயர் நீதிமன்றம் நாகப்பட்டினத்து வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போனது. அன்பும் பிரியமும் என்று எழுதியிருந்தாலே அதற்குள் நிபந்தனை மறைந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அந்த வழக்கில் வீட்டை வாங்கிய மகன் இறந்துபோயிருந்தான். பிரச்சினை மருமகளோடு.

இதெல்லாம் மேலே, டெல்லியிலும் சென்னையிலும் நடப்பது. கீழே என்ன நடக்கிறது என்பதுதான் என் கேள்வி. கும்மிடிப்பூண்டிக்காரர் மனு கொடுக்க வேண்டிய கோட்டம் பொன்னேரி. மேல்முறையீடு திருவள்ளூர் கலெக்டரிடம். ரயிலில் போவதென்றால் கும்மிடிப்பூண்டி லைன் வேறு, திருவள்ளூர் லைன் வேறு. சென்னைவரை போய் வண்டி மாறணும். பஸ் என்றால் பெரியபாளையம் வழியாக. எழுபது வயசில் இடுப்பு தாங்குமா? இந்தச் சட்டத்தில் தீர்ப்பாயத்துக்கு வக்கீல் கூட்டிக்கொண்டு போகவும் முடியாது. 17-வது பிரிவு தடுக்கிறது. செலவு மிச்சம் என்று நினைத்து எழுதியிருப்பார்கள்.

சிப்காட் வந்ததும் எங்கள் பக்கம் நிலத்துக்கு விலை வந்தது. சோளம் விதைத்த மேட்டில் கம்பி உருட்டும் ஆலை. ஆலையில் வேலை செய்ய ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்களுக்கு வாடகைக்கு வரிசை வீடு. வீடு கட்ட லோன். லோனுக்குப் பிள்ளை பேரில் பத்திரம் வேணும். பல கிழவிகள் கைநாட்டு வைத்தது இப்படித்தான், யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. பேராசையில் எழுதி வாங்கியதை மட்டும் பார்க்கிற சட்டத்துக்கு இது கண்ணில் படுமா என்று தெரிந்துகொள்ளத்தான் ஆய்வு. நூறு பத்திரம், நூறு வீடு. பஸ் காசு, நகல் கட்டணம், ஒரு ரெக்கார்டர். பெரிய தொகை இல்லை.

யார் தருவார்கள்? முன்னுதாரணம் இருக்கிறது. 2007 முதல் 2010 வரை பென்னி வெரா-சான்சோ என்ற லண்டன் ஆய்வாளர் சென்னையின் ஐந்து குடிசைப் பகுதிகளில் 800 குடும்பங்களைப் பார்த்தார். வழக்கறிஞர் வி.சுரேஷ் உள்ளிட்ட சென்னைக்காரர்கள் கூட வேலை செய்தார்கள். பணம் பிரிட்டனின் ஆராய்ச்சிக் கவுன்சில்களுடையது. முதுமை பற்றி அங்கே நடந்த பெரிய திட்டம் ஒன்றின் பகுதி. வயசானவர்கள் பாரம் இல்லை, அவர்கள் பூ கட்டியும் காய் விற்றும் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டும் இருப்பதால்தான் இளையவர்கள் வேலைக்குப் போக முடிகிறது என்று அந்த ஆய்வு காட்டியது. நம்ம ஊர் ஆயா கணக்கை எடுக்க லண்டன் பணம் வரவேண்டியிருந்தது எனக்கு உறுத்தத்தான் செய்கிறது. 2017-18-இல் 45 வயதைத் தாண்டிய 72,000-க்கும் அதிகமானவர்களிடம் எடுத்த ‘லாசி’ கணக்கெடுப்பை நடத்தியது மும்பை நிறுவனம். அதற்கும் நம் சுகாதார அமைச்சகத்தோடு அமெரிக்காவின் தேசிய முதுமை நிறுவனம் பணம் போட்டது. உடம்பு, வருமானம், குடும்பம் எல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் பத்திரத்தைப் பிரித்து வாசிப்பது வேறு வேலை.

ஊரிலேயே கேட்டுப் பார்ப்போம் என்று ஒரு ஆலைக்குப் போனேன். லாபத்தில் இரண்டு சதவீதம் சமூகத்துக்குச் செலவழிக்கணும் என்று கம்பெனிச் சட்டம் சொல்கிறது. முதியோர் இல்லம் கட்டுவதும் அந்தப் பட்டியலில் உண்டு. அதிகாரி டீ வாங்கிக் கொடுத்தார். “மூக்குக் கண்ணாடி கேம்ப் போடலாம்மா. ரிசர்ச்சுன்னா போர்டுல இன்னான்னு காட்டுறது?” அவர் மேல் கோபம் வரவில்லை. கண்ணாடி மாட்டின முகத்தைப் போட்டோ எடுக்கலாம். ஒரு சட்டப்பிரிவு வேலை செய்யவில்லை என்பதை எப்படிப் போட்டோ எடுப்பது?

மிச்சம் இருந்தது சென்னையில் ஓர் அறக்கட்டளை. அவர்கள் ஃபாரத்தில்தான் பதினோராவது கேள்வி.

எங்க வீட்டுப் பத்திரம் 2014-இல் எழுதியது. ஆயா எங்க அப்பாவுக்கு எழுதிக் கொடுத்த செட்டில்மென்ட். அப்பா ஆலையில் கான்ட்ராக்ட். ஆலை மாறவில்லை, கான்ட்ராக்டர்தான் மாறிக்கொண்டே இருந்தார். ஒவ்வொருவருக்கும் ஒரு பி.எஃப் நம்பர். பென்ஷனுக்கு வேண்டிய பத்து வருஷத்தைக் கூட்டிக் காட்ட இன்னும் அலைந்துகொண்டிருக்கிறார். காட்டினாலும் உத்தரவாதமான குறைந்தபட்சம் மாசம் 1,000 ரூபாய், 2014-இல் வைத்தது. அவருக்கு இருக்கிற ஒரே முதுமைப் பாதுகாப்பு ஆயா எழுதிக் கொடுத்த வீடு. அதன் முன்பக்க இரண்டு ரூம் வாடகையில்தான் நான் சட்டம் படித்தேன்.

பீரோவிலிருந்து பத்திரத்தை எடுத்து முதல்முறையாக முழுசாகப் படித்தேன். அன்பு, பிரியம், எல்லைகள், கிணற்றில் பாத்தியம் எல்லாம் இருந்தது. நிபந்தனை இல்லை. ஆயா பக்கத்தில் உட்கார்ந்து வெத்தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தது.

“இன்னா கண்ணு எழுதிகீது?”

“நீ வீட்ட அப்பாவுக்குக் குடுத்துட்டேன்னு.”

“அது தெரியும். எனக்கு இன்னா எழுதிகீது?”

ஒண்ணும் இல்லை என்று சொன்னேன். ஆயா கொஞ்ச நேரம் வெத்தலையையே பார்த்தது. “எம்பேரு எங்க இருக்குது, காட்டு.” முதல் பக்கத்தில் விரல் வைத்துக் காட்டினேன்.

ராத்திரி ஷிஃப்ட் முடிந்து காலையில் அப்பா வந்ததும் கேட்டேன். பத்திரத்தில் கை வைக்க வேண்டாம், மத்தியப் பிரதேச மகன் மாதிரி தனியாக ஒரு காகிதம் எழுதிக் கொடுக்கலாமா? அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். “ஏன்? நான் பாத்துக்கலையா? ஊர்ல எவனாவது சொன்னானா?”

“அவன் பாத்துக்குவான்டி,” என்றது ஆயா திண்ணையிலிருந்து. “அவனுக்கு அப்பால?”

அம்மா அடுப்படியில் பாத்திரத்தை ஓசைப்படுத்தாமல் வைத்தாள். தம்பிக்குத் தை மாசம் கல்யாணம் பேசியிருக்கிறோம்.

ஃபாரத்தில் ‘ஆம்’ கட்டத்தில் டிக் போட்டேன். ‘ஆம் எனில் விளக்குக’ என்று கீழே மூன்று வரி இடம் விட்டிருந்தார்கள். கூடுதல் தாள் இணைக்கலாமா என்று கேட்டு அவர்களுக்கு ஒரு மெயில் போட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.