கறுப்பு வெள்ளைக்குக் கரி மை

புகைப்பட அச்சகத்தின் மேசையில் ஒரே முகத்தின் இரண்டு கறுப்பு வெள்ளைப் பிரதிகள். ஜன்னல் வெளிச்சத்தில் வேறுபாடு தெரியவில்லை. மஞ்சள் பல்பின் கீழே வைத்ததும் ஒன்றின் சாம்பல் மட்டும் லேசாகச் சிவந்துவிட்டது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் காரணம் புரிகிறது: அதன் நெற்றிப் பகுதி முழுக்க நீலமும் இளஞ்சிவப்பும் மஞ்சளுமாகப் புள்ளிகள். கண் அவற்றைச் சேர்த்துச் சாம்பலாக்கிக்கொள்கிறது; விளக்கு மாறினால் அந்தச் சமன் குலைகிறது. மற்றதில் இருப்பது கரி மை மட்டும். கறுப்பு வெள்ளைப் படத்தைத் தாங்கவேண்டியது கரிதான், வண்ண மைகளின் கலவை அல்ல என்பது என் முடிவு. வெளிச்சம் பட்டு வெளுப்பதில் கரி மிக மிக மெதுவானது.

ஒரே கறுப்பு மை போதாதா? போதாது. வெளிர் பகுதிகளில் புள்ளிகள் விலகி விழுந்து மணல் தூவியதுபோல் தெரியும். அதனால்தான் கறுப்பையே நீர்க்கச் செய்து பல அடர்த்திகளில் நிரப்புகிறார்கள். 2005-இல் எப்சன் தன் கே3 மைகளில் மூன்று அடர்த்திகளைத் தந்தது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து அச்சுக்கலைஞர் ஜான் கோன் தமது பீசோகிராஃபி முறையில் ஏழுவரை போனார். இவற்றைச் சீராக்குவது அச்சிடுபவரின் வேலை. வெள்ளையிலிருந்து கறுப்புவரை படிப்படியான கட்டங்களை அச்சிட்டு, உலரவிட்டு, ஒவ்வொன்றையும் கருவியால் அளந்து, மை விழும் அளவைத் திருத்துகிறார். பார்வையாளர் கண்ணில் படாத உழைப்பு இது.

கரி பழுப்படிக்கும், பனிமலைக்கும் எஃகுக் கட்டடத்துக்கும் அது ஒவ்வாது என்பார்கள். நியாயம்தான். அங்கே கொஞ்சம் நீல நிறமி சேர்க்கலாம். முதலில் வெளுப்பது அந்த நீலமாகத்தான் இருக்கும். அப்போதும் படம் கரியின் பழுப்புக்குத் திரும்புமே தவிர உருக்குலையாது. முகங்களுக்கும் பழைய சுவர்களுக்கும் அந்தப் பழுப்பே பொருத்தம். காகிதமும் முக்கியம்: பளிச்சென்ற வெண்மைக்காக ஒளிர்வூட்டி சேர்த்த தாள் நாளடைவில் மஞ்சளிக்கும், கவனமாகத் தேர்ந்த குளிர்ந்த தொனியும் அதோடு போகும்.

செலவு என்ற ஆட்சேபத்தையும் தள்ளிவிட முடியாது. கரிக்கென்று ஒதுக்கிய இயந்திரத்தில் வண்ணப்படம் எடுக்க முடியாது, சும்மா கிடந்தால் மைத்துளைகள் அடைத்துக்கொள்ளும். எப்போதாவது அச்சிடுபவருக்கு மூன்று கறுப்புள்ள பிரிண்டரும் அதன் கறுப்பு வெள்ளை அமைப்பும் போதும். வண்ண மை அதில் சிறிதளவே சேர்கிறது. விற்பனைக்கு வரும் பிரதிக்கு அந்தச் சலுகை கிடையாது. 'ஆர்க்கைவல் பிக்மென்ட் பிரிண்ட்' என்று சீட்டு ஒட்டி விலை சொல்கிறார்கள். அந்த பிக்மென்ட், அதாவது நிறமி, கரியா வண்ணமா என்று சீட்டு சொல்வதில்லை. அச்சிட்டவர் யார் என்பதும் அதில் இருப்பதில்லை. படம் வாங்குகிறவர்கள் மை, தாள், அச்சிட்டவர் பெயர் மூன்றையும் கேட்டு, பிரதியின் பின்புறம் எழுதி வாங்குங்கள்.