நலமறிய ஆவலுக்கு மார்க் இல்லை!

நம் வீட்டுப் பழைய கடிதங்களை எடுத்துப் பாருங்கள். 'நலம், நலமறிய ஆவல்' என்று ஆரம்பிக்கும். மழை பெய்ததா, மாடு கன்று போட்டதா, சின்னவள் நடக்கிறாளா என்று சகலமும் விசாரிக்கும். கடைசியில், இன்லண்ட் லெட்டரின் மடிக்கிற ஓரத்தில், இடம் போதாமல் நெருக்கியடித்துக்கொண்டு, 'ரூபாய் ஆயிரம் உடனே அனுப்பவும்' என்று ஒரு வரி இருக்கும். மொத்தக் கடிதமும் அந்த ஒரு வரிக்காகத்தான். ஆனால், எடுத்த எடுப்பிலேயே பணத்தைக் கேட்டால் மரியாதையாகவா இருக்கும்?

இந்த மரியாதைதான் 2022-ல் என் அக்காவுக்கு முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல் நஷ்டம் வைத்தது.

அக்கா திருச்சியில் நர்ஸ். பதினைந்து வருட சர்வீஸ். மாமா வேலை பார்த்த பட்டறையில் ஆர்டர் குறைந்து, மாதத்தில் பாதி நாள்தான் சம்பளம். வீட்டுக் கடன் பாங்க்காரனுக்கு அந்தக் கதை எல்லாம் தெரியாது. 'இங்கிலாந்து போறேன்' என்று அக்கா ஒரு நாள் சாம்பார் ஊற்றிக்கொண்டே அறிவித்தாள்.

அங்கே போக ஓ.இ.டி. என்று ஒரு பரீட்சை. மருத்துவத் துறைக்காரர்களுக்கான ஆங்கிலத் தேர்வு. இங்கிலாந்தின் நர்ஸிங் கவுன்சில் 2017-லிருந்து இதை ஏற்றுக்கொள்கிறது. கேட்பது, படிப்பது, பேசுவது மூன்றிலும் 500-க்கு 350 வேண்டும். எழுதுவதில் மட்டும் 300 போதும் என்று சலுகை. அக்கா மூன்றையும் தாண்டிவிட்டாள். சலுகை கொடுத்த இடத்தில் 280!

எழுத வேண்டியது ஒரே ஒரு கடிதம். அதுவும் 180-லிருந்து 200 வார்த்தைக்குள்.

'நீ பி.காம்.தானே? உனக்கு லெட்டர் எழுத வருமே!' என்று அம்மா என்னைப் பிடித்துக் கொடுத்தாள். எங்கள் பி.காமில் சொல்லிக்கொடுத்த கடிதங்கள் எல்லாம், 'அனுப்பிய சரக்கு உடைந்திருக்கிறது, பாக்கியை உடனே அனுப்பு' ரகம். ஆஸ்பத்திரிக்கு ஆகுமா? இருந்தாலும், பத்திரிகைக்கு எழுதுகிறவன் என்ற கெத்து இருக்கிறதே, உட்கார்ந்தேன்.

பரீட்சை இப்படி: ஒரு நோயாளியைப் பற்றிய குறிப்புகளைக் கையில் கொடுக்கிறார்கள். முதல் ஐந்து நிமிஷம் படிக்க மட்டும்தான், பேனாவைத் தொடக்கூடாது. அப்புறம் நாற்பது நிமிஷத்தில் கடிதம். குறிப்புகள் தந்தி பாஷையில் இருக்கும். அதை முழு வாக்கியமாக்கி எழுத வேண்டும். ஆனால், எல்லாவற்றையும் எழுதக்கூடாது. குறிப்பில் வேண்டாத சமாசாரத்தையும் கலந்தே வைத்திருப்பார்கள், அரிசியில் கல் மாதிரி.

நானே ஒரு பயிற்சித்தாள் தயாரித்துக் கொடுத்தேன். நோயாளிக்கு வயது 68. ரிட்டையர்டு போஸ்ட்மேன். மனைவி இறந்துவிட்டார், தனியாக இருக்கிறார். இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. 1998-ல் அப்பென்டிக்ஸ் ஆபரேஷன். சர்க்கரை உண்டு. பென்சிலின் ஒத்துக்கொள்ளாது. இப்போது முட்டி மாற்று ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போகிறார். வீடு வீடாகப் போய் டிரெஸ்ஸிங் பண்ணும் டிஸ்ட்ரிக்ட் நர்ஸுக்குக் கடிதம் எழுத வேண்டும்.

அக்கா எழுதியதை வாங்கிப் பார்த்தேன். 270 வார்த்தை. முதல் மூன்று வரி, கோச்சிங் சென்டரில் மனப்பாடம் பண்ணிய ஆரம்பம். அது சுரேஷுக்கும் பொருந்தும், சுலைமானுக்கும் பொருந்தும், அவர்கள் வளர்க்கும் பசுமாட்டுக்கும் பொருந்தும். அப்புறம் தபால் உத்தியோகம், அப்பென்டிக்ஸ், மனைவி காலமானது எல்லாம் வரிசைக்கிரமமாக வந்தன. முட்டியில் போட்ட ஸ்டேப்பிளை எந்தத் தேதியில் எடுக்க வேண்டும் என்பது கடைசி வரியில், பேப்பர் ஓரத்தில், நெருக்கியடித்துக்கொண்டு!

அக்கா இங்கிலீஷில் தப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. அங்கங்கே ஒரு 'தி' குறைந்தது, அவ்வளவுதான். இந்தப் பரீட்சையில் இலக்கணத்துக்கு மட்டும் மார்க் இல்லை. எதற்காக எழுதுகிறாய் என்பது சட்டென்று புரிகிறதா, வேண்டியது இருக்கிறதா, வேண்டாதது இல்லாமல் இருக்கிறதா என்று தனித்தனியாகப் பார்க்கிறார்கள்.

"ஏன்க்கா, நைட் டியூட்டி முடிச்சு அடுத்த சிஸ்டர்கிட்ட ஒப்படைக்கிறியே, என்ன சொல்லுவ?" என்றேன்.

"மூணாம் பெட்டுக்கு முட்டி ஆபரேஷன், நாலாம் நாள். சுகர் இருக்கு, காலைல பாத்துக்க. பென்சிலின் ஆகாது. ஈரமா இருந்தா டிரெஸ்ஸிங் மாத்து..." மூச்சு விடாமல் ஒப்பித்தாள்.

"அப்பென்டிக்ஸ் எடுத்ததைச் சொல்ல மாட்டியா?"

"சொன்னா அடிக்க வருவாடா. அவளுக்கு ஏது நேரம்?"

"அதே சிஸ்டர்தான் அங்க கவுன் போட்டுட்டு உக்காந்திருக்கா. அவளுக்கு எழுது."

கொஞ்ச நேரம் பேப்பரையே பார்த்தாள். "இதைத்தான் தினம் மூணு ஷிஃப்ட்லயும் பண்றோமே. இதுக்கா முப்பதாயிரம்?" என்றாள்.

அதற்கப்புறம் பேனா தொடாத அந்த ஐந்து நிமிஷத்துக்குத்தான் பயிற்சி. கடிதம் யாருக்கு, படித்துவிட்டு அவள் நாளைக்கு என்ன செய்யணும், அதற்கு என்ன தெரிந்தால் போதும் என்று கண்ணாலேயே பொறுக்குவாள். ஒரே ஒரு இடத்தில் சண்டை. மனைவி இறந்ததை விடமாட்டேன் என்று அழிச்சாட்டியம். "பாவம்டா, ஒண்டிக்கட்டை. அதை எழுதலேன்னா எப்படி?" மனைவி இறந்தது அந்த நர்ஸுக்கு வேண்டாம். ஆனால் தனியாக, லிஃப்ட் இல்லாத இரண்டாவது மாடியில் இருக்கிறார் என்பது கட்டாயம் வேண்டும். விழுந்தால் தூக்க ஆள் கிடையாதே! அரை மணி நேரம் வாதாடி, 'தனியாக வசிக்கிறார்' என்பதில் சமாதானம் ஆனோம். 'கைண்ட்லி டூ த நீட்ஃபுல்'லை அடித்ததில்தான் அக்காவைவிட எனக்கு வருத்தம். மூன்று வருஷம் சோறு போட்ட வாக்கியம்!

இரண்டாவது தடவை 330. அப்புறம் கம்ப்யூட்டரில் ஒரு தேர்வு. அங்கே போய் ஆளை நிறுத்தி வைத்துச் செய்முறைத் தேர்வு. எல்லாவற்றையும் முடித்துவிட்டாள். அந்தப் புராணம் தனி.

கிளம்புகிற அன்று, ஒன்பது வயசுப் பையனைப் பார்த்துக்கொள்ளப் போகிற அம்மாவிடம் ஒரு தாளை நீட்டினாள். அழுகை எல்லாம் முதல் நாளே முடிந்திருந்தது. வாங்கிப் படித்தேன்.

'இது கார்த்தியை ராத்திரியில் பார்த்துக்கொள்வதற்கு. எட்டு மணிக்கு இன்ஹேலர் ரெண்டு தடவை, அப்புறம் வாய் கொப்பளிக்கணும். இலவம்பஞ்சுத் தலையணை ஆகாது. பேசும்போது மூச்சு வாங்கினால் காலை வரைக்கும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரி. கணக்குப் பரீட்சைக்கு முதல் நாள் வயிற்றுவலி என்பான், நம்ப வேண்டாம்.'

அவ்வளவுதான். "என்னக்கா, அவனுக்கு உருளைக்கிழங்கு பிடிக்கும், கதை சொன்னாத்தான் தூங்குவான், அதெல்லாம் எழுதலியா?" என்றேன்.

"அதெல்லாம் அம்மாவுக்குத் தெரியும்டா. தெரிஞ்சதை எதுக்கு எழுதணும்?" என்று சொல்லிவிட்டு, பெட்டியின் பூட்டை மறுபடி ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.