கிரைண்டர் ஓடி முடிந்த பிறகு

சனிக்கிழமை மாலை எங்கள் வீட்டு கிரைண்டர் எத்தனை மணிக்கு ஓடுகிறது என்பதை வைத்தே, மறுநாள் காலை நான் எவ்வளவு தூரம் ஓடப்போகிறேன் என்று கீழ்வீட்டுக்காரர் சொல்லிவிடுவார். எட்டு மணிக்குச் சத்தம் கேட்டால் பத்து கிலோமீட்டர். ஐந்து மணிக்கே கேட்டுவிட்டால் முப்பதுக்குக் குறையாது. மாவை வழித்து, உப்புப் போட்டுக் கரைத்து, கிரைண்டரைக் கழுவித் துடைத்து, ஒன்பது மணிக்குள் படுத்தால்தான் மூன்றரைக்கு எழ முடியும். வாரம் எத்தனை கிலோமீட்டர், எந்த நாளில் வேகம், எந்த நாளில் ஓய்வு என்றெல்லாம் மாரத்தான் பயிற்சி அட்டவணைகளில் கட்டம் போட்டிருக்கிறார்கள். மாவரைக்க ஒரு கட்டமும் இல்லை. அட்டவணை போட்டவர் வீட்டில் யாரோ அரைத்துவைத்திருப்பார்கள்.

என்னை ஓட்டக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். திருவான்மியூரில் வீடு, ஒரு தனியார் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் வேலை, கணவர், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், மாமியார். நாற்பதைத் தாண்டியாயிற்று. மாரத்தான் என்பது 42.195 கிலோமீட்டர். ஓ.பி.ஜெய்ஷா 2015-ல் பெய்ஜிங் உலக சாம்பியன்ஷிப்பில் அதை 2 மணி 34 நிமிடம் 43 விநாடியில் ஓடி இந்தியப் பெண்களுக்கான தேசிய சாதனையைப் படைத்தார். அந்த நேரத்தில் நான் பாதி வழியில், வாழைப்பழத் தோலைப் போடக் குப்பைத்தொட்டி தேடிக்கொண்டிருப்பேன்.

வார நாட்களில் ஓடுவதெல்லாம் மெதுவோட்டம்தான். பக்கத்தில் வருபவரிடம் மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகம். அதற்கு மேல் போகக் கூடாது. நீண்ட தூரத்துக்கு உடம்பைப் பழக்குவது இந்த மெதுவோட்டம் என்பதைப் புதிதாக வருகிறவர்கள் யாரும் நம்புவதில்லை. எங்கள் குழுவில் அதை நம்பவைக்கத் தனியாக முயற்சி எடுக்க வேண்டியதில்லை. நீட் கோச்சிங் பீஸும் ஓஎம்ஆர் பிளாட் விலையும் பேசி முடிவதற்குள் எட்டு கிலோமீட்டர் போய்விடும்.

தவிர, சென்னையில் வேகமாக ஓட நினைத்தாலும் காற்று விடாது. வியர்வை வடிந்தால் உடம்பு குளிராது, உலர்ந்தால்தான் குளிரும். கடலோரப் புழுக்கத்தில் அது உலர்வதில்லை. சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்து வீணாகிறது. சூட்டை வெளியேற்றத் தோலுக்கு நிறைய ரத்தத்தை அனுப்ப வேண்டியிருப்பதால், அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கிறது. மே மாதத்தில் விடியற்காலை நாலரைக்கே இந்தக் கதைதான். பெங்களூருவில் இருக்கும் தோழி தன் ஓட்ட நேரத்தை வாட்ஸ்அப்பில் போடும்போதெல்லாம், "மூணு மாசம் எங்க ஊர்ல வந்து இருந்து பாரு" என்று பதில் போடுவேன். வீடு திரும்பி முகத்தைத் தடவினால் உப்பு நறநறவென்று கையில் வரும்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு கிலோமீட்டர் ஓட, உடம்பின் எடை எத்தனை கிலோவோ ஏறக்குறைய அத்தனை கலோரி செலவாகும். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு முழு மாரத்தானுக்கு 2,500 கலோரி. தசையிலும் ஈரலிலும் சேமிப்பாக இருக்கும் மாவுச்சத்து சுமார் 2,000 கலோரிக்குத்தான் வரும். முப்பது கிலோமீட்டரைத் தாண்டியதும் கால் திடீரென்று வேறு யாருடையதோ போல ஆகிவிடுவதற்கு இதுதான் காரணம். வெளிநாட்டு ஜெல் பாக்கெட் ஒன்றின் விலைக்கு எங்கள் தெருமுனைக் கடையில் ஒரு வாரத்துக்குக் கடலைமிட்டாய் வாங்கலாம். நான் கடலைமிட்டாய்க் கட்சி. இடுப்புப் பையில் இரண்டு பேரீச்சம்பழம், கொஞ்சம் உப்பு, ஒரு சின்ன பாட்டில் மோர். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து ஆபத்தாகிவிடும் என்பதால்தான் உப்பு.

பெண்களுக்கு இதில் இன்னொரு கணக்கும் உண்டு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆக்சிஜனைச் சுமப்பது ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின். அது குறைவாக இருக்கும்போது எந்த அட்டவணையும் வேலைக்காகாது. மூச்சு வாங்குகிறது என்று ஓட்டத்தை நிறுத்திய பல பேருக்கு நுரையீரலில் ஒரு குறையும் இல்லை, ரத்தத்தில்தான் இரும்பு இல்லை. முருங்கைக்கீரை, கேழ்வரகு, மேலே எலுமிச்சம்பழம் பிழிந்த சுண்டல். டிபனோடு சேர்த்துக் காபி குடித்தால் சாப்பாட்டில் இருக்கிற இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. எனவே காபிக்கும் இட்லிக்கும் நடுவே ஒரு மணி நேர இடைவெளி விடுகிறேன். முப்பது கிலோமீட்டர் ஓடுவதைவிட இது கஷ்டம்.

சாலை விஷயத்துக்கு வருவோம். தெருநாய்களைப் பற்றி எல்லோரும் எழுதியாயிற்று. ஓடுவதை நிறுத்தி நடந்தால் பெரும்பாலும் அவையும் நின்றுவிடும். பைக்கை மெதுவாக்கி உடன் வரும் ஆட்களுக்கு அந்த நாகரிகம் தெரியாது. அதனால்தான் இருட்டில் தனியாக ஓடுவதில்லை. அதையும் சமாளித்துவிடலாம். விடிகாலை ஐந்தேகால் மணிக்கு ஒரு பெண் எங்கே சிறுநீர் கழிப்பது? ஆண்களுக்கு ஊரெல்லாம் சுவர். எங்களுக்குப் பெட்ரோல் பங்க்தான். கழிப்பறை பூட்டியிருக்கும். சாவி மேனேஜர் அறையில் இருக்கும், அந்த அறையில் பையன் தூங்கிக்கொண்டிருப்பான். ஊற்றெடுத்த வியர்வையோடு நின்று அவனை எழுப்பிச் சாவி வாங்க ஒரு தனி மனத்திடம் வேண்டும். இந்த ஒரு பிரச்சினைக்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் ஓடுகிற பெண்களை எனக்குத் தெரியும். எங்கள் பாதைகளை வரைவதே எந்த பங்கில் சாவி சுலபமாகக் கிடைக்கும் என்பதை வைத்துத்தான்.

ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம். பெசன்ட் நகர், அடையாறு, சாந்தோம், கலங்கரை விளக்கம், அப்படியே நேப்பியர் பாலம் வரை போய்த் திரும்புவது. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த ஒரு காலையில் வீட்டு டிபனைக் கணவர் ஏற்றுக்கொண்டிருக்கிறார். நல்ல மனிதர், சலித்துக்கொள்வதில்லை. திரும்பி வரும்போது சாந்தோம் பக்கத்தில் போன் அடிக்கும்.

"பொட்டுக்கடலை எந்த டப்பாவுல இருக்கு?"

"கீழ்த்தட்டுல, நீல மூடி."

"நீல மூடியில உளுந்துதான் இருக்கு."

"அது பெரிய நீல மூடி."

இதைப் பேசும்போதும் ஓடிக்கொண்டுதான் இருப்பேன். தோசை சுடும் வேலையைப் பங்குபோட்டுக்கொள்ள முடிந்திருக்கிறது. எந்த டப்பாவில் என்ன இருக்கிறது, சிலிண்டர் எப்போது தீரும், சின்னவளின் யூனிபார்ம் காய்ந்ததா என்கிற நினைப்பு மட்டும் என்னோடுதான் நேப்பியர் பாலம் வரை வந்துபோகிறது. மத்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டு ஆய்வில் ஒரு கணக்கு இருக்கிறது. வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்குச் செலவிடுவது ஒரு நாளைக்கு சராசரியாக 299 நிமிடம், வீட்டுவேலை செய்யும் ஆண்கள் செலவிடுவது 97 நிமிடம். செய்யாத ஆண்கள் இந்தச் சராசரியில் இல்லை. நீல மூடி நினைப்பும் இல்லை.

மாமியாரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். தண்ணீர் மோட்டார் அவர் பொறுப்பு. "ஓடும்மா, வேண்டாங்கல. ஏழரைக்குள்ள வந்து குளிச்சிடு, அப்புறம் டேங்க்ல தண்ணி நிக்காது" என்பார். "சரி அத்தை" என்பேன். முட்டியில் ஐஸ் வைத்து உட்கார்ந்திருந்தால் ஒன்றும் கேட்க மாட்டார். வெங்காயத்தையும் அரிவாள்மணையையும் எடுத்துக்கொண்டு தானே உட்கார்ந்துவிடுவார். கறுத்துப்போன என் கால்கட்டைவிரல் நகத்தை முதலில் பார்த்து, விளக்கெண்ணெய் தடவச் சொன்னதும் அவர்தான். நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு தூக்கம்தான் மருந்து என்று பயிற்சியாளர்கள் ஒரே குரலில் சொல்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத் தூங்குகிற மருமகளை மனதார ஏற்றுக்கொள்ள ஒரு மாமியாருக்கு எவ்வளவு பயிற்சி தேவைப்பட்டிருக்கும் என்பதை நான் அறிவேன். அந்தப் பயிற்சிக்கு மெடல் கிடையாது.

1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடினார்கள். ஓடி முடித்தவர்கள் களைத்துத் தரையில் சாய்ந்ததைக் காட்டி, இது பெண் உடம்புக்கு ஆகாது என்று முடிவு கட்டினார்கள். 1960 வரை ஒலிம்பிக்கில் 200 மீட்டருக்கு மேல் பெண்களுக்குப் பந்தயமே இல்லை. 1967-ல் பாஸ்டன் மாரத்தானில் கேத்ரின் சுவிட்சரின் எண் அட்டையைப் பிடுங்கி வெளியே தள்ள ஓர் அதிகாரி ஓடும் சாலையிலேயே பாய்ந்தார். சுவிட்சர் அதையும் மீறி ஓடி முடித்தார். பாஸ்டன் பெண்களை முறைப்படி சேர்த்துக்கொண்டது 1972-ல். ஒலிம்பிக்கில் பெண்கள் மாரத்தான் வந்ததோ 1984-ல்தான். என் வயதுதான் இருக்கும் அந்தப் போட்டிக்கு.

இன்று தடுக்க யாரும் இல்லை. பணம் கட்டினால் எண் அட்டை வந்துவிடும். ஆனால் ஜனவரியில் சென்னை மாரத்தான் தொடங்கும் இடத்தில் நின்று பாருங்கள். பத்து கிலோமீட்டர் கூட்டத்தில் பெண்கள் நிறையத் தெரிவார்கள். 42 கிலோமீட்டர் கூட்டத்தில் தேட வேண்டியிருக்கும். பத்து கிலோமீட்டருக்குத் தயாராக, வீடு விழிப்பதற்கு முன்பு ஒரு மணி நேரம் கிடைத்தால் போதும். நாற்பத்திரண்டுக்கு நாலைந்து மாதத்து ஞாயிற்றுக்கிழமைகள் வேண்டும். வீட்டில் அவற்றின் சொந்தக்காரர் யார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எங்கள் குழுவில் ஆண்கள் மனைவியைப் புகழும்போது, "மூணரைக்கு எழுந்து காபி போட்டுக் குடுத்துட்டுத்தான் மறுபடி படுத்தா" என்பார்கள். பெண்கள் கணவரைப் புகழும்போது, "அவர் ஒண்ணுமே சொல்ல மாட்டார்" என்பார்கள். இரண்டு புகழ்ச்சியையும் கேட்டுக்கொண்டேதான் எட்டு கிலோமீட்டர் போகிறோம்.

ஞாயிறுதோறும் ஓடுகிற ஆண் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு ஞாயிறு ஷூவைக் கழற்றி வையுங்கள். முதல் நாள் மாலையே மாவை அரைத்துவிடுங்கள். பொட்டுக்கடலை டப்பா எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். காலையில் வீட்டம்மாவுக்குப் போன் செய்யாதீர்கள். அவர் ஓடட்டும். ஓடப் பிடிக்காவிட்டால் தூங்கட்டும்.