சவுக்கார நுரை

சுபஹ் தொழுதுவிட்டு வந்தபோது, மச்சானின் கார் முன்னங்காலை மடித்த மாட்டைப் போல ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. அன்று பகல் மாத்தளையில் ஒரு நிகாஹ். மாப்பிள்ளை போகவேண்டியது அந்தக் காரில்தான். கல்யாண வாடகையில் ஓடும் குடும்பம் அது. கொம்பிரஸரை மாற்றி மூன்று வாரம்கூட ஆகவில்லை.

“மச்சான், நீங்க சொல்லித்தானே மாத்தின?” என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் கூடுதலாகச் சுட்டது.

அது சுருள் வில்லுக்குப் பதிலாகக் காற்றுப் பைகளில் நிற்கும் பழைய சொகுசுக் கார். நான்கு சக்கரங்களுக்கும் நான்கு றப்பர் பைகள். கொம்பிரஸர் காற்றை அடிக்கும். வால்வுகள் அதைப் பிரித்துக் கொடுக்கும். உயரத்தைப் பார்க்கும் சென்சர்கள் “தூக்கு”, “போதும்” என்று கணினிப் பெட்டிக்குச் சொல்லும். இது இன்று நேற்று வந்த ஏற்பாடல்ல. 1957 இல் அமெரிக்காவில் கடிலக் எல்டொராடோ புரோம் காரில் வந்தது. காற்றுக் கசிவோடு மாரடிக்க முடியாமல் அதை வாங்கிய பலர் பிறகு சுருள் வில்லுக்கே மாறினார்கள்.

முதல் தடவை கார் படுத்தபோது கண்டியில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனோம். ஸ்கேனரில் ‘காற்றழுத்தம் உரிய நேரத்தில் ஏறவில்லை’ என்று வந்தது. “கொம்பிரஸர் முடிஞ்சி” என்றார் அங்கிருந்தவர். தனியார் வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நின்று 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் 2022 மே மாதம் 350 ஐத் தாண்டியிருந்தது. பழைய காரை விட்டால் வேறு வழியில்லை, உதிரிப் பாகமோ தங்க விலை. தங்கச்சியின் இரண்டு காப்புகள் போயின. வீட்டில் படித்தவன் என்று என்னிடம் கேட்டார்கள். மாற்றுங்கள் என்றேன்.

அந்தக் கராஜில் கையில் எண்ணெய்த் துணியோடு நின்றவன் என் பழைய மாணவன். சாதாரண தரத்தில் கணிதம் சித்தியடையாமல் போனவன். அன்று அவன் ஏதோ சொல்ல வந்ததும், நான் கையை அமர்த்தியதும் ஞாபகம் இருக்கிறது. இப்போது வெட்கத்தை விட்டு அவனுக்கே கோல் எடுத்தேன். நிகாஹுக்கு வேறு கார் பிடித்துக் கொடுத்தோம். அந்தியில் அவன் வந்தான். கையில் அளவுநாடாவும் தண்ணீர் விசிறும் போத்தலும் ஒரு கொப்பியும்.

“சமதரை வேணும் சேர்” என்றான். அக்குறணைப் பக்கம் சமதரைக்கு எங்கே போவது? பாடசாலை மைதானத்துக்குக் கொண்டுபோனோம். என்ஜினை ஓடவிட்டுக் காரை முழுதாக எழும்ப வைத்தான். ஒவ்வொரு மூலையிலும் சக்கரத்தின் நடுவிலிருந்து மட்காட் விளிம்பு வரை அளந்து எழுதினான். என்ஜினை நிறுத்தி, அப்படியே விட்டுவிட்டுப் போனோம்.

காலையில் மறுபடி அளந்தான். மூன்று மூலைகள் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இறங்கியிருந்தன. “இரவுக் குளிருக்குக் காத்து சுருங்கும். அது குத்தமில்ல” என்றான். முன் இடது மூலை மட்டும் எழுபது மில்லிமீட்டர்.

பிறகு ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி, சக்கரத்துக்குப் பின்னால் தெரிந்த பையின் மடிப்பில் சவுக்காரத் தண்ணீரை விசிறினான். நான் குனிந்து தலையை உள்ளே நீட்டப் போனேன். “வேணாம் சேர், காத்த மட்டும் நம்பி நிக்கிற வாகனம். பை விட்டா நசுக்கிரும்” என்று என்னைப் பின்னால் இழுத்தான். தள்ளி நின்று பார்த்தேன். மடிப்பில், மயிரிழை போன்ற ஒரு வெடிப்பில், கடுகு கடுகாக நுரை கட்டிக்கொண்டிருந்தது.

பை கசிந்தால், இறங்கிய உயரத்தை ஏற்றக் கொம்பிரஸர் திரும்பத் திரும்ப ஓடும், சூடேறித் தேயும். ஸ்கேனர் சொன்னது பொய்யல்ல. அழுத்தம் ஏறவில்லை என்றுதான் சொன்னது. ஏன் என்று சொல்லவில்லை. அதை நாங்கள்தான் தேடியிருக்கவேண்டும். கொம்பிரஸர் சத்தமே போடாவிட்டால் முதலில் பியூஸ், ரிலே, வயர். ஓடியும் கார் எழும்பாவிட்டால் கசிவு, அதன் பிறகே கொம்பிரஸர். இரவெல்லாம் இறங்காமல் நின்று, உயரம் மட்டும் பிழையென்றால் சென்சரும் அதன் சிறு தண்டும். இது அவனுடைய வரிசை. எங்கள் பழைய கொம்பிரஸர் உண்மையிலேயே செத்திருந்ததா என்று இனி யாருக்கும் தெரியாது. அது பழைய இரும்போடு போய்விட்டது.

“அண்டைக்கே ஏன் சொல்லல்ல?” என்று கேட்டேன்.

“சொல்ல வந்தேன் சேர். நீங்க, பெரியாக்கள் பேசக்குள்ள சும்மா நில்லுண்டீங்க.”

கொப்பியை வாங்கிப் பார்த்தேன். நான்கு நிரல், இரண்டு நிரை, கடைசியில் வித்தியாசம். கோடுகள் நேராக இருந்தன. கழித்தலில் ஒரு பிழையும் இல்லை. இவனுடைய முன்னேற்ற அறிக்கையில் தவணைக்குத் தவணை ‘கவனம் போதாது’ என்று எழுதியவன் நான். ஆசிரியர் கலாசாலையில் குறையறி சோதனை பற்றிப் பக்கம் பக்கமாகப் பரீட்சை எழுதி நல்ல புள்ளியும் வாங்கியிருந்தேன்.

அந்தப் பையை மட்டும் மாற்றினோம். கார் நிற்கிறது. காப்புகள் திரும்பவில்லை; தங்கச்சி அதைப் பற்றிப் பேசுவதுமில்லை.

போன தவணை விடைத்தாள்களில் ஒரு பிள்ளைக்குப் பதினெட்டுப் புள்ளி. பழக்கத்தில் பேனா அதே இரண்டு சொற்களுக்குப் போனது. எழுதாமல் வைத்துவிட்டு, மறுநாள் இடைவேளையில் அவனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தி, ஒரு கணக்கைச் செய்யச் சொன்னேன். எந்த வரியில் இறங்குகிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.