தோண்டுகிறவர் கண்ணுக்குத் தப்பும் செடி

சீனாவின் ஹெங்துவான் மலைச் சரளைச் சரிவுகளில் வளரும் லில்லிக் குடும்பத்துக் காட்டுச்செடி ஃப்ரிட்டிலேரியா டெலவாயி. பூக்கவே ஐந்தாண்டு ஆகும். அதன் குமிழ்க்கிழங்கை இருமல் மருந்துக்காகக் காலங்காலமாகத் தோண்டுகிறார்கள். ஒரு கிலோ சேர்க்க 3500 கிழங்குகளுக்கு மேல் வேண்டும். இச்செடி சில இடங்களில் பளிச்சென்ற பச்சை. சில இடங்களில் சுற்றியுள்ள கல்லைப் போலவே சாம்பல், பழுப்பு. இந்த மாறுவேடத்துக்கு மனிதனே காரணம் என்று சீனாவின் குன்மிங் தாவரவியல் நிறுவன, பிரிட்டனின் எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் சொன்னதை நான் ஏற்கிறேன்.

மேய்ச்சலுக்குத் தப்ப நிறம் மாறியிருக்கலாமே என்று கேட்கலாம். விலங்குகள் கடித்த தடயம் எதையும் அவர்கள் காணவில்லை. செடியில் ஆல்கலாய்டு நச்சு வேறு இருக்கிறது. எங்கே அதிகம் தோண்டினார்களோ, அங்கேதான் செடி பாறையோடு நன்றாகக் கலந்திருந்தது. கணினித் திரையில் தேடச் சொன்னபோதும், அப்படிக் கலந்தவற்றைக் கண்டுபிடிக்க மனிதர்களுக்குக் கூடுதல் நேரம் பிடித்தது. செடி யோசித்து ஒளிந்ததாக எழுதுவது அபத்தம். பச்சையானவை பறிபோயின, மங்கலானவை விதை விட்டன, அவ்வளவுதான். தொடர்பு இருப்பதாலேயே அது காரணமாகிவிடாது என்ற ஆட்சேபம் நியாயமானது. ஆனால், வேறு எதிரி யாரும் அகப்படாதபோது சந்தேகம் நம்மீதுதான் விழும்.